நகரும் தெரு

மில் ரோட்டில் மனிதர்கள் வண்டி ஓட்டுவதை நிறுத்தி ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. கோவையின் தெற்கிலிருந்து வடக்கே போகும் ஆறு கிலோமீட்டர் சாலை அது. காலையில் அதன் நான்கு வரிசைகளும் வடக்கு நோக்கி ஓடும். மாலையில் தெற்கு நோக்கி. கார்கள், பஸ்கள், லாரிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, இரண்டே மீட்டர் இடைவெளியில், எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கோத்துவிட்டதுபோல் போகும். அதற்குச் சரம் என்று பெயர். சிக்னல் கிடையாது, ஹாரன் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் தலை பின்னலாம், இட்லி சாப்பிடலாம், தூங்கலாம்.

அந்தச் சரத்தை ஒரே ஒரு பெண்மணி தினமும் இரண்டு முறை கலைத்துக்கொண்டிருந்தார். பெயர் கோகிலவாணி. வயது நாற்பத்தெட்டு. பம்ப்செட் கம்பெனிக்காக மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை. வாகனம், ஒரு சைக்கிள்.

சரக் கட்டுப்பாட்டு மையத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு திங்கட்கிழமை, மையத்தின் இயக்குநர் ஷகிலா, நேரப் பொறியாளர் நவநீதனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சுவர்த் திரையைக் காட்டினார்.

"இந்தம்மாவைப் பாருங்க. காலைல எட்டே கால், சாயந்திரம் அஞ்சே முக்கால். பதினாறு கிலோமீட்டர் வேகம். இவங்க வந்துட்டா ரோடே படுத்துடுது."

"மத்த மூணு வரிசையில போயிடலாமே மேடம்?"

"நாலுல வர்றது மூணுக்குள்ள நுழையணுமே. கூட்ட நேரத்துல அதுக்கு மொத்தச் சரமும் இவங்க வேகத்துக்கு இறங்கினாத்தான் முடியும். நீங்க போட்ட கணக்குதான் அது." ஷகிலா கண்ணாடியைக் கழற்றினார். "நாலாயிரத்து நூறு பேருக்கு ஆளுக்கு நாலு நிமிஷம் தாமதம். கூட்டிப் பாத்தேன். தினம் காலைல மட்டும் பதினோரு நாள் வீணாகுது நவநீதன். ஒரு மனுஷியால."

"சட்டப்படி நிறுத்த முடியாதா?"

"பக்கத்துல பயன்படுத்தற நிலைமையில சைக்கிள் பாதை இருந்தா ரோட்டுல ஓட்டக் கூடாது. இதான் சட்டம். பாதை இருக்கு. ஆறு கிலோமீட்டரும் முடிஞ்சுதுன்னு ஃபைல் சொல்லுது. நீங்க ஒரு தடவை நேர்ல பாத்து, நல்லா இருக்குன்னு அறிக்கை குடுத்துட்டா போதும். அடுத்த மாசம் விசாரணை. அதோட முடிஞ்சுடும்."

ஷகிலா கெட்டவர் இல்லை. சரம் வருவதற்கு முன் அந்தச் சாலையில் வருடத்துக்கு அறுபது பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருவர்கூட இல்லை. அந்தப் பூஜ்யத்துக்காகப் பதினைந்து வருடம் உழைத்தவர் அவர்.

ஆனால் கோகிலவாணியின் பெயர் ஊருக்குள் கெட்டுப் போயிருந்தது. சரம் வேகம் குறைந்தால் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு வரி ஒளிரும்: 'உங்கள் தாமதம் நான்கு நிமிடம். காரணம்: மிதிவண்டி, ஒன்று.' பார்த்தவர்கள் கடுப்பானார்கள். ஜன்னல் வழியாகப் படம் எடுத்துப் போட்டார்கள். 'ஆமை அக்கா' என்று பெயர் வைத்தார்கள். நவநீதனும் ஒருநாள் அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

மறுநாள் காலை அவன் வாடகை நிலையத்தில் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதையில் ஏறினான். பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவன். முதல் முந்நூறு மீட்டர் பிரமாதமாக இருந்தது. பச்சை வண்ணம், வெள்ளைக் கோடு, நடுவில் சைக்கிள் படம். 'இதில் போக என்ன கஷ்டம்?' என்று நினைத்தான். அப்புறம் பாதையின் நட்டநடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றது. இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றி வந்தான். அடுத்து ஒரு பேக்கரியின் ரொட்டித் தட்டுகள், ஆள் உயரத்துக்கு. அதற்கடுத்து பஸ் நிழற்குடை. அதையும் பாதைமேல்தான் கட்டியிருந்தார்கள். பிறகு குழாய்க்காகத் தோண்டி மூடாத பள்ளம். இறங்குவதும் ஏறுவதுமாக ஒரு கிலோமீட்டர் போக அவனுக்கு இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது. இடதுபக்கம் குடியிருப்புகள். வலதுபக்கம் இடுப்புயரக் கம்பித் தடுப்பு. அதற்கப்பால் சரம் சீறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கிலோமீட்டரில் சாக்கடைமேல் இருக்க வேண்டிய பலகைக் கல் இல்லை. பச்சை வண்ணம் அதுவரை வந்து அப்படியே குழிக்குள் இறங்கியது. அவன் பிரேக்கைப் பிடித்தான். பின்சக்கரம் வழுக்கியது. முழங்கால் சிராய்த்துக் குப்புற விழுந்தான்.

"கையைக் குடுங்க சார்."

தூக்கிவிட்டவள் ஓர் இளம்பெண். பக்கத்தில் மூடி கட்டிய பெரிய பாத்திரம் ஒன்று இருந்தது.

"இந்த வாரத்துல நீங்க மூணாவது ஆளு. யாருமே குழியைப் பாக்கறதில்லைங்க. படத்தைப் பாத்துட்டே வர்றீங்க."

அவள் பெயர் பர்வீன். அங்கன்வாடியில் உதவியாளர். சமையல்கூடம் சாலைக்கு இந்தப் பக்கம், குழந்தைகள் இருக்கும் கட்டடம் அந்தப் பக்கம். பாத்திரத்தில் பொங்கல் இருந்தது, நாற்பத்தோரு பிள்ளைகளுக்கு.

"நடைமேம்பாலம் வழியா போறீங்களா?" என்று கேட்டான்.

"அதுக்கு ஒண்ணரை கிலோமீட்டர் போவணும். லிப்ட் வேலை செய்யாது. இதைத் தூக்கிட்டு எம்பத்தாறு படி ஏறி எறங்கி, மறுபடி ஒண்ணரை கிலோமீட்டர் திரும்பி வரணும். ஆறிப் போயிரும்."

"அப்ப எப்படிப் போவீங்க?"

பர்வீன் தெற்கே பார்த்தாள். அப்போதுதான் நவநீதன் கவனித்தான். தடுப்பில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விட்டிருந்த இடைவெளியில் வேறு சிலரும் நின்றிருந்தார்கள். கையில் மருத்துவச் சீட்டோடு ஒரு பெரியவர். சீருடையில் இரண்டு பெண்பிள்ளைகள். தலையில் துணி மூட்டையோடு ஒருவர். எல்லோரும் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாலையின் சத்தம் மாறியது. சீறல் தணிந்து, உறுமலாகி, கடைசியில் டயர்கள் உருளும் ஓசை மட்டும் கேட்டது. வண்டிகள் மெதுவாயின. அவற்றுக்கு நடுவே, இடது ஓர வரிசையில், ஒரு சைக்கிள் வந்தது. மஞ்சள் சட்டை, பின்னால் இழுத்துக் கட்டிய முடி, நிமிர்ந்த முதுகு. அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே சீராக மிதித்துக்கொண்டு கடந்து போனார்.

அவர் போனதும் பர்வீன் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையில் இறங்கினாள். வண்டிகள் அவளுக்காக நின்றன. பெரியவர் இறங்கினார். பிள்ளைகள் இறங்கினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் எல்லோரும் கடந்துவிட்டார்கள். பிறகு சரம் மறுபடி வேகம் எடுத்தது.

நவநீதன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சரத்தின் விதிகளை எழுதிய குழுவில் அவனும் இருந்தான். எழுபதில் போகும் சாலையில் நடப்பவர்களுக்கு இடமில்லை, இறங்கினால் குற்றம். ஆனால் எந்தத் துண்டுச் சாலையிலாவது வேகம் இருபதுக்குக் கீழே போனால், அது சாலை அல்ல, தெரு. தெருவில் நடப்பவருக்கே முதல் உரிமை, வண்டிகள் நின்று வழிவிட வேண்டும். குடியிருப்புச் சந்துகளை மனதில் வைத்து அவனே எழுதிய வரி அது. மில் ரோட்டுக்கு அது ஒருநாளும் பொருந்தும் என்று நினைத்ததில்லை.

கோகிலவாணி போகிற இடமெல்லாம் அவருக்கு முன்னும் பின்னுமாக இருநூறு மீட்டர் சாலை தெருவாகிக்கொண்டே போனது.

அலுவலகம் திரும்பிக் கேமராப் பதிவுகளை எடுத்தான். ஆறு கிலோமீட்டரில் ஒன்பது இடங்கள். அன்று காலை மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அவர் பின்னால் சாலையைக் கடந்திருந்தார்கள். கணினி அவர்களை எண்ணவே இல்லை. அதை எண்ணச் சொல்லி யாரும் அதனிடம் கேட்டதில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மில் ரோட்டின் தெற்கு முனையில் அவருக்காகக் காத்திருந்தான். தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முகவாயில் ஒரு தழும்பு இருந்தது.

"நோட்டீஸ் வந்துதுங்க. நீங்கதான் அறிக்கை எழுதறவரா?"

"ஆமாங்க. உங்க கூட ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமான்னு..."

"முட்டியில கட்டுப் போட்டிருக்குதே. பாதையில போனீங்களாக்கும்." அவர் சிரித்தார். "வாங்க தம்பி. எனக்குப் பின்னாடியே வாங்க. பயந்து ஓரமா ஒதுங்கிராதீங்க. ஒதுங்கினா மெஷினு நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சு வேகம் எடுத்துரும். நேரா போனா அதுக்கு உங்களைத் தெரியும்."

அந்த இருபத்திரண்டு நிமிடங்களை நவநீதன் வாழ்நாளில் மறக்கமாட்டான். சாலையில் இறங்கிய முதல் சில விநாடிகள் சரம் இன்னும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு லாரி கை எட்டும் தூரத்தில் போனது. அதன் காற்று அவனைத் தள்ளியது. ஹேண்டில்பார் உதறியது. கோகிலவாணியின் முதுகு மட்டும் அசையவில்லை. அவர் கால்கள் முதல் மிதியில் எந்தக் கணக்கில் சுற்றினவோ அதே கணக்கில் சுற்றின. பிறகு சுற்றிலும் வேகம் வடிந்தது. தன் கையால் எழுதிய விதி தன்னைச் சுற்றி வேலை செய்வதை அவன் முதன்முறையாக உடம்பில் உணர்ந்தான்.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு காரின் ஜன்னல் இறங்கியது. "ஆமை! வேற வேலை இல்லையா உனக்கு?" என்று ஒரு குரல் கத்தியது. பாதி குடித்த காபிக் கோப்பை பறந்து வந்து அவர் தோளில் பட்டு உடைந்தது. மஞ்சள் சட்டை நனைந்தது. அவர் பிரேக்கைப் பிடிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஹேண்டில்பாரைப் பிடித்தார். அவ்வளவுதான்.

"புகார் குடுக்கலாம்க்கா!" என்று பின்னாலிருந்து கத்தினான் நவநீதன்.

"அவுங்களுக்கு என்ன அவசரமோ தம்பி! போன வருசம் பாட்டில் வந்துச்சு. தாடையில ஏழு தையலு. அதுக்கு இது தேவலை!"

வடக்கு முனையில் பம்ப்செட் கம்பெனியின் பெரிய வாசலுக்கு முன் அவர் இறங்கினார். நவநீதன் மூச்சு வாங்கியபடி நிமிர்ந்து பார்த்தான். வாசல் பூட்டியிருந்தது. பூட்டில் துரு ஏறியிருந்தது. உள்ளே களத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது.

"இன்னைக்கு லீவுங்களா?"

கோகிலவாணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார்.

"கம்பெனி ஓசூருக்குப் போயி எட்டு மாசம் ஆச்சுங்க. இப்ப நான் வீட்டுலயேதான் காயில் சுத்தறேன். கம்பியும், அதைச் சுத்தற ஸ்டேட்டரும் வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துருவாங்க."

"அப்ப... இங்க எதுக்கு வர்றீங்க?"

"ஒரு நாளு போறப்ப செயின் கழண்டுக்குச்சு. எறங்கி மாட்டிட்டுத் திரும்பினா, பின்னாடி ஆறு பேரு ரோட்டைத் தாண்டிட்டு இருந்தாங்க. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, இப்படி ஒண்ணு நடக்குதுன்னு. அதுக்கப்புறம் நேரம் தப்பாம வந்தனுங்க. அவுங்களும் நேரம் தப்பாம நின்னாங்க. ஒரு வார்த்தை பேசிக்கிட்டது இல்லை." பாட்டிலை மூடினார். "கம்பெனி போன மொதத் திங்கக்கெழமை வீட்டுலதான் இருந்தேன். எட்டே காலுக்கு மேல உக்கார முடியலைங்க. நடந்து வந்து ரோட்டோரம் பாத்தேன். அந்தப் பாத்திரக்காரப் பொண்ணு தெக்க பாத்துட்டு நிக்குது. எட்டரை ஆச்சு, எட்டே முக்கால் ஆச்சு. நின்னுட்டே இருக்குது. என்னைத்தான் பாக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. மறுநாள் சைக்கிளை எடுத்துட்டனுங்க."

"இப்ப எப்படித் திரும்பிப் போவீங்க?"

"ஏரிக்கரை வழியா. பதினோரு கிலோமீட்டர். சாயந்திரம் அதே வழியா இங்க வந்து, ரோட்டுல எறங்கிப் போவேன்."

நவநீதன் மனதுக்குள் கூட்டினான். ஒரு நாளைக்கு முப்பத்திநான்கு கிலோமீட்டர். போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமல்.

அவனுக்கு வேறொன்றும் தெரியும். தேவைக்காகப் பயணம் செய்பவரைத்தான் சட்டம் காப்பாற்றும். வேண்டுமென்றே சரத்தை நிறுத்துவது தண்டனைக்குரியது. வேலை இல்லை என்று தெரிந்தால் வழக்கு அந்த நிமிடமே முடிந்துவிடும்.

"அக்கா, இதை நான் எழுத வேண்டாம். பாதை சரியில்லைன்னு மட்டும் எழுதறேன். அது பொய்யும் இல்ல."

அவர் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். "கேட்டாங்கன்னா நானே சொல்லிருவனுங்க. அத்தனை பேரு என்னை நம்பி ரோட்டுல எறங்கறாங்க. பொய் சொல்லிட்டு அதைச் செய்யறதுக்கு எனக்கு வராது."

விசாரணை அன்று அறை நிறைந்திருந்தது. நவநீதன் தன் அறிக்கையைப் படித்தான். டிரான்ஸ்பார்மர், நிழற்குடை, பள்ளம், கல் இல்லாத சாக்கடை எல்லாவற்றையும் படங்களோடு காட்டினான். பாதை பயன்படுத்தும் நிலையில் இல்லை என்று முடித்தான். ஷகிலாவின் முகம் இறுகியது. பிறகு விசாரணை அலுவலர் கோகிலவாணியைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "தினமும் எந்த வேலைக்காக இந்தச் சாலையில் போகிறீர்கள்?"

"எனக்கு அங்க வேலை இல்லைங்க," என்றார் அவர். "சனங்க தாண்டறதுக்காகப் போறேன்."

அதற்குமேல் சட்டத்துக்கு வழியில்லை. மில் ரோட்டில் அவர் சைக்கிள் ஓட்ட நிரந்தரத் தடை என்று அலுவலர் எழுதினார். நாளை மறுநாள் முதல் அமலுக்கு வரும்.

மாடிப்படியில் நவநீதன் ஷகிலாவைப் பிடித்தான்.

"மேடம், கணக்குப்படி நீங்கதான் ஜெயிச்சீங்க. நானும் போட்டுப் பாத்தேன். அந்த முந்நூறு பேர் ஆளுக்கு நாப்பது நிமிஷம் மேம்பாலத்துக்குச் சுத்திட்டு வந்தாலும் தினம் எட்டரை நாள்தான் வீணாகுது. பதினொண்ணைவிடக் குறைவுதான்."

"அப்புறம் என்ன?"

"நாலு நிமிஷம் போனவங்க எல்லாரும் ஏசி கார்ல உக்காந்திருந்தாங்க. நாப்பது நிமிஷம் போறவங்க நடக்கறாங்க. ரெண்டையும் ஒரே அளவா கூட்டற மாதிரி நான்தான் எழுதினேன். நாளைக்கு அவங்க கடைசியா போறாங்க. ஒரு தடவை வந்து பாருங்க."

ஷகிலா வரமாட்டார் என்றுதான் நினைத்தான். ஆனால் மறுநாள் எட்டு இருபதுக்கு, அந்தக் கல் இல்லாத சாக்கடைக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். கோகிலவாணி வந்தார். தோளில் காபிக் கறை வெளுக்காத அதே மஞ்சள் சட்டை. கடந்து போனார். ஜனங்கள் இறங்கினார்கள். மருத்துவச் சீட்டு வைத்திருந்த பெரியவருக்கு நடை தடுமாறியது. யோசிக்காமல் ஷகிலா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சாலையின் பாதிவரை போய்விட்டார். நான்கு வரிசை வண்டிகள் அவர்களுக்காக நின்றிருந்தன. அந்தச் சாலையைப் பதினைந்து வருடம் ஆண்டவர் அதன்மேல் கால் வைப்பது அன்றுதான் முதல்முறை.

மறுகரை சேர்ந்ததும் பெரியவரை ஓரத்தில் ஏற்றிவிட்டார். பிறகு இந்தப் பக்கமே நின்றுவிட்ட நவநீதனுக்குப் போன் செய்தார்.

"ஒன்பது இடம்னு சொன்னீங்க இல்ல? அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்க."

மூன்று வாரத்தில் 'தெரு நேரம்' வந்தது. காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை, ஒன்பது இடங்களிலும் சரம் தானாகவே வேகத்தைக் குறைத்து, இரண்டு நிமிடம் தெருவாகும். யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை. வண்டிகளுக்குள் ஒளிர்ந்த வரியையும் நவநீதன் மாற்றினான்: 'ஜனங்கள் கடக்கிறார்கள்.' புகார்கள் வந்தன. ஆனால் திட்டுவதற்கு ஒரு முகம் கிடைக்காததால் சீக்கிரமே ஓய்ந்தன. சாக்கடைக்குக் கல் போட்டார்கள். டிரான்ஸ்பார்மரை மட்டும் இன்னும் நகர்த்தவில்லை.

முதல் நாள் தெரு நேரத்தைப் பார்க்க அவன் போயிருந்தான். வண்டிகள் நின்றன. பர்வீன் பாத்திரத்தோடு இறங்கினாள். பழக்கத்தில் ஒரு தடவை தெற்கே பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அன்று மாலையே கோகிலவாணியின் வீட்டுக்குப் போனான். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், "காலைல சைக்கிளை எடுத்துட்டுப் போச்சு. கொஞ்ச நாளா இப்படித்தான், இருட்டினப்பறம்தான் வருது" என்றார். தடை வந்ததில் மனம் உடைந்து எங்காவது சுற்றுகிறாரோ என்று அவனுக்குக் கவலையாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கிழக்கு மண்டலத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருத்தி போன் செய்தாள். குரலில் பதற்றம்.

"சார், உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க. எங்க சுங்கச் சாலையில ஒரு வாரமா ஒரு அம்மா சைக்கிள்ல வர்றாங்க. எட்டு வழிச் சாலை சார் இது. சைக்கிள் பாதைன்னு ஒண்ணு கோடு மட்டும்தான் இருக்கு. மொத்தச் சரமும் கலைஞ்சு போகுது. என்ன பண்றதுன்னே தெரியல."

நவநீதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்ன வேகம் வர்றாங்க?"

"பதினாறு சார். கூடறதும் இல்ல, குறையறதும் இல்ல."

"அவங்களுக்குப் பின்னாடி கேமராவைத் திருப்புங்க. யாராவது ரோட்டைக் கடக்கறாங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

மறுமுனையில் விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பிறகு அது நின்றது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"இன்னைக்கு ரெண்டே ரெண்டு பேர் சார்," என்றாள் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "ஒருத்தங்க சக்கர நாற்காலியில இருக்காங்க."